நைட்டியில் வரும் வாடிக்கையாளர்

காலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கடை திறக்கும் மளிகை வணிகர் எவரையும் கேட்டுப் பாருங்கள். பால் பாக்கெட்டுக்கும் காப்பித் தூளுக்கும் வருகிற பெண்களில் புடவையில் வருபவர் எத்தனை பேர், நைட்டியில் வருபவர் எத்தனை பேர்? சென்னை, மதுரை, கோவை போன்ற பெரிய ஊர்களில் மட்டுமல்ல, சிற்றூர்த் தெருக்களிலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். தோளில் ஒரு துண்டு அல்லது துப்பட்டா, கையில் சுருட்டிய நோட்டு, "அண்ணாச்சி, சீக்கிரம் குடுங்க, அடுப்புல உலை கொதிக்குது" என்ற குரல். நம்முடைய காலை வியாபாரத்தின் முகம் இதுதான்.

இதைப் பற்றி வணிகர் இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. இந்த உடைக்கும் தெருமுனைக் கடையின் பிழைப்புக்கும் நேரடியான தொடர்பு உண்டு. அதை உணராமல் இந்த வாடிக்கையாளரைக் கேலியாகவோ முகச்சுளிப்போடோ பார்க்கும் கடைக்காரர், தம் கல்லாப்பெட்டிக்குத் தாமே பூட்டுப் போடுகிறார்.

இரவு உடை பகல் உடையான கதை

பெயரிலேயே இரவு இருக்கிறது. மேல்நாட்டில் படுக்கப் போகும்போது அணியும் அங்கிதான் இதன் மூலம். நம் ஊரில் 1970-களில் மாக்ஸி என்ற நீண்ட அங்கி நாகரிகமாக வந்தது. அதன் பிறகு நைட்டி நகரத்து வீடுகளில் நுழைந்து, ரெடிமேடு துணி வியாபாரம் பெருகப் பெருக எல்லா ஊர்களுக்கும் பரவியது. இரவில் மட்டும் அணிந்த உடை விடிந்த பிறகும் உடம்பில் தங்கியது. இன்று பல வீடுகளில் காலை முதல் இரவு வரை, சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும், அதுவே அன்றாட உடை.

காரணம் எளிய கணக்கு. புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அதற்கு இரண்டு மீட்டர் அளவில் உள்பாவாடை, ஒரு மீட்டருக்குள் ரவிக்கை. ஆக எட்டு மீட்டருக்கும் மேல் துணி. நைட்டிக்குச் சுமார் மூன்று மீட்டர் போதும். துவைக்கும் சோப்பு, தண்ணீர், பிழியும் கை, உலர்த்தும் கொடி எல்லாமே பாதிக்கும் கீழாகக் குறைகிறது. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய மிச்சம். அம்மியும் ஆட்டுக்கல்லும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்ததைப் போலத்தான் இதுவும். வேலையைக் குறைக்கும் எதையும் வீட்டுப் பெண்கள் கைவிட்டதில்லை.

எல்லாப் பருவத்துக்கும் ஏன் ஒத்துவருகிறது?

இடுப்பில் இறுக்கிக் கட்டாத தளர்ந்த அங்கிக்குள் காற்று கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டே இருக்கும். நடக்க நடக்கத் துணி அசைந்து, துருத்தி போலக் காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். பாலைவனத்து பெடூயின் மக்கள் கொளுத்தும் வெயிலில் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்று ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1980-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளிவந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்கினாலும், அங்கி தளர்வாக இருப்பதால் அந்த அதிகப்படி வெப்பம் தோலை எட்டுவதற்கு முன்பே காற்றோடு போய்விடுகிறது என்பது அதன் முடிவு. கறை தெரியாதிருக்க அடர்ந்த நிற நைட்டியைக் கேட்கும் வாடிக்கையாளருக்குக் கோடையிலும் அதைத் தயங்காமல் எடுத்துத் தரலாம். அளவு மட்டும் தளர்வாக இருக்க வேண்டும்.

துணியின் குணமும் முக்கியம். ஈரத்தை ஏற்கும் திறனைச் சதவீதத்தில் சொல்வார்கள். பருத்திக்கு அது சுமார் 8.5. ரேயானுக்குச் சுமார் 13. பாலியஸ்டருக்கு 0.4 மட்டுமே. கோடையில் பாலியஸ்டர் நைட்டி உடம்பில் ஒட்டிப் புழுங்குவதும், மழைக்காலத்தில் அதே நைட்டி கொடியில் சீக்கிரம் காய்வதும் இந்த ஒரே குணத்தால்தான். பருத்தி வெயிலுக்கு உகந்தது, ஆனால் கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆனாலும் ஈரம் விடாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இதே நைட்டியின் மேல் ஒரு ஸ்வெட்டர் ஏறிவிடும். உடை மாறுவதில்லை, மேலே போடுவதுதான் மாறுகிறது.

உடை மாற்றாமல் வரும் தூரம்

இனி நம் விஷயத்துக்கு வருவோம். சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைவு, குளிர்சாதனம் உண்டு, வண்டி தள்ளிப் பொறுக்கலாம். ஆனாலும் தெருமுனைக் கடை ஏன் இன்னும் நிற்கிறது? பக்கத்தில் இருப்பதால் என்போம். அந்தப் பக்கம் என்பது எவ்வளவு தூரம்? மீட்டரில் அளந்தால் விடை கிடைக்காது. ஒரு பெண் உடை மாற்றாமல், தலை சீவாமல், வீட்டைப் பூட்டாமல் எவ்வளவு தூரம் போய் வருவாரோ, அதுவே நம் கடையின் எல்லை.

பெரிய கடைக்குப் போக உடை மாற்ற வேண்டும். பை எடுக்க வேண்டும். போகிற வழியில் யார் பார்ப்பார்களோ என்று யோசிக்க வேண்டும். நம் கடைக்கு ஒரு துண்டு போதும். கறிவேப்பிலையும் கடுகும், தீப்பெட்டியும் தயிரும் நம்மிடம் விற்பது இதனால்தான். இந்தச் சில்லறை வரவுதான் மாதச் சாமான் பட்டியலையும் நம் கடைக்கே கொண்டுவருகிறது.

இப்போது இந்த எல்லையையும் தாண்டி ஒரு போட்டி வந்துவிட்டது. கைபேசியில் தொட்டால் சில நிமிடங்களில் வாசலுக்கே சரக்கு வருகிறது. உடை மாற்ற வேண்டாம் என்பது மட்டுமல்ல, படி இறங்கவே வேண்டாம். விலையிலும் வேகத்திலும் அவர்களோடு மோத நம்மால் ஆகாது. நம்மிடம் மிஞ்சியிருப்பது முகப்பழக்கமும் கூச்சமில்லாமல் வந்து போகும் உரிமையும்தான். அந்த உரிமையில் ஒருநாள் கீறல் விழுந்தால், அந்தப் பெண் நம்மிடம் சண்டைக்கு வரமாட்டார். சத்தமில்லாமல் கைபேசியை எடுத்துக்கொள்வார். ஒரு வாடிக்கை போன விவரம் மாதக் கடைசியில் பற்று நோட்டைப் புரட்டும்போதுதான் நமக்குத் தெரியும்.

தடை போட்ட ஊர்கள்

2014-இல் நவி மும்பையை அடுத்த கோத்திவலி கிராமத்தில் ஒரு மகளிர் குழுவே பகலில் நைட்டி அணிந்து வெளியே வரக்கூடாது என்று அறிவித்து, மீறினால் 500 ரூபாய் அபராதம் என்றது. 2018-இல் ஆந்திரத்தில், அன்றைய மேற்குக் கோதாவரி மாவட்டத்தைச் சேர்ந்த தோகலப்பள்ளி கிராமத்தில் பெரியவர்கள் கூடி, காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டி கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார்கள். மீறினால் 2000 ரூபாய் அபராதம், மீறியவரைக் காட்டிக் கொடுப்பவருக்கு 1000 ரூபாய் பரிசு. செய்தி வெளியே வந்ததும் அதிகாரிகள் அந்த ஊருக்கு விசாரிக்க வந்தார்கள்.

அந்த ஊர் மளிகைக் கடைக்காரரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். அரைக் கிலோ உப்புக்குப் புடவை மாற்றிக்கொண்டு வரவேண்டும் என்றால் எத்தனை பேர் வருவார்கள்? "இருக்கிறதை வைத்துச் சமாளிப்போம்" என்றுதானே வீட்டில் சொல்வார்கள்?

நம்மிலும் சிலர், "கடைக்கு வரும்போது கொஞ்சம் மரியாதையாக உடுத்தி வந்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் உடையில், மேலே துண்டும் போட்டு வருபவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது. லுங்கியும் பனியனுமாகக் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் நாம் அதைக் கேட்கலாமா என்று ஒருமுறை யோசித்தால் போதும். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். வியாபாரிக்கு வருகிற ஆள்தான் முழுமை.

கடையில் செய்ய வேண்டியவை

செலவில்லாத சில மாற்றங்களே போதும்.

உருளைக்கிழங்கு, வெங்காயக் கூடைகளைத் தரையில் வைக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்குப் பலகை போட்டு வையுங்கள். தளர்ந்த கழுத்துள்ள உடையில் நாலு பேர் முன்னே குனிந்து பொறுக்குவது பெண்களுக்குச் சங்கடம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வெங்காயத்தை வேறு கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

ஒரே ஒரு பொருளுக்கு வந்தவரை முதலில் அனுப்புங்கள். பெரிய பட்டியலோடு நிற்பவர் ஒரு நிமிடம் பொறுப்பார். அடுப்பை ஏற்றிவிட்டு வந்தவரால் பொறுக்க முடியாது.

நைட்டியில் பெரும்பாலும் பை இருக்காது. மீதிச் சில்லறையைச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுங்கள். கைபேசியில் பணம் செலுத்தும் அட்டையைக் கல்லாவுக்கு உள்ளே மாட்டாமல், எட்டி வளையாமல் தெரியும்படி முன்னால் வையுங்கள். பணம் எடுத்து வராதவர் பெயரை முகம் சுளிக்காமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். பார்வையும் பேச்சும் ஒழுங்காக இருக்கவேண்டும். "அம்மா", "அக்கா" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியை வேடிக்கைக்காகக் கைபேசியில் பகிர்ந்தால் அந்தக் கடையின் பெயர் தெரு முழுவதும் கெடும். கேமராவின் கடவுச்சொல் முதலாளியிடம் மட்டுமே இருக்கட்டும்.

சரக்காக வைப்பவர்களுக்கு

பல உறுப்பினர்கள் மளிகையோடு பத்து இருபது நைட்டிகளையும் தொங்கவிட்டு விற்கிறார்கள். நல்ல உபதொழில்தான். விருதுநகர் மாவட்டம் தளவாய்புரமும் தூத்துக்குடி மாவட்டம் புதியம்புத்தூரும் ரெடிமேடு தையலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தை தெரியாதவர் இல்லை. அச்சுத் துணி ஜெய்ப்பூர், அகமதாபாத் பக்கமிருந்தும் வருகிறது. கொள்முதலில் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, சுருக்கம். துவைக்காத பருத்தி 5 சதவீதம் சுருங்கினால் 56 அங்குல நைட்டி 53 அங்குலமாகிவிடும். சரக்கு வந்ததும் ஒன்றைத் துவைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். சாயம் போகிறதா என்பதும் அதே துவைப்பில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பருவம். பங்குனிக்கு முன்பே பருத்தியை வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகைக்குச் சீக்கிரம் காயும் துணியும் தெருச் சேற்றில் புரளாத உயரமும் வேண்டும். பக்கவாட்டில் பாக்கெட் தைத்ததைக் கேட்டு வாங்குங்கள். கூடவே துண்டும் வையுங்கள். நைட்டி வாங்குபவர் அதையும் கேட்பார்.

மூன்றாவது, இடம். மிளகாய் வற்றல், பெருங்காயம், சாம்பிராணி அருகே துணியைத் தொங்கவிட்டால் வாசனை ஏறி விலை போகாது. மண்ணெண்ணெய், பினாயில் பக்கமும் வேண்டாம்.

நான்காவது, வரி. ஒரு உருப்படி 1000 ரூபாய் வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. என்றிருந்த வரம்பு, 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. நாம் விற்கும் நைட்டிகள் ஏறக்குறைய அனைத்தும் 5 சதவீதத்துக்குள் அடங்கும். நெய்த துணி நைட்டிக்கு எச்.எஸ்.என். தலைப்பு எண் 6208, பின்னலாடைக்கு 6108. கொள்முதல் பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, லாப நஷ்டத்துக்கு அப்பாற்பட்டது. நைட்டி இன்று சமையலறை உடை. பருத்தியும் ரேயானும் தீப்பட்டால் விரைந்து எரியும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பிரிட்டனில் இரவு உடைகளின் தீப்பாதுகாப்புக்காகவே 1985-இல் தனி விதிமுறை கொண்டுவந்தார்கள். தொங்கும் கையும் நீண்ட நாடாவும் உள்ளதை அடுப்படிக்கென்று கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். "அக்கா, சமையலுக்குன்னா கை குட்டையா இருக்கிறதை எடுத்துக்குங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். விற்பவர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

வணிக நண்பர்களே, விளம்பரப் பலகைக்கும் தள்ளுபடிக்கும் செலவு செய்கிறோம். எந்தப் பலகையும் பார்க்காமல், எந்தத் தள்ளுபடியும் கேட்காமல், வீட்டில் இருந்தபடியே எழுந்து நம்மிடம் வருபவர் இந்த வாடிக்கையாளர். நம் கடையைத் தம் வீட்டின் இன்னொரு அறையாக நினைப்பதால்தான் அப்படி வருகிறார். அந்த நினைப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. நாளைக் காலை கடை திறந்ததும் முதல் வேலையாக வெங்காயக் கூடையைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள்.