ஏழு இருக்கைகள் இருந்தால் போதுமா?



பெருநாள் தொழுகை முடிந்து உறவினர் இல்லங்களுக்குப் புறப்படும் குடும்பங்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஐவர் அமர வேண்டிய காரில் எட்டுப் பேர் இருப்பார்கள். ஓட்டுபவருக்கு அருகில் ஒரு பெரியவர், அவர் மடியில் ஒரு பிள்ளை. பின்னிருக்கையில் மூன்று பெண்மணிகள், அவர்களின் கால்களுக்கிடையே நின்றவாறு இரண்டு பிள்ளைகள். கால் வைக்கும் இடத்தில் பிரியாணிச் சட்டி. "பக்கத்து ஊர்தானே, அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பது வழக்கமான ஆறுதல் மொழி.

இந்த நெருக்கடி தாங்காமல்தான் பல இல்லங்களில் "பெரிய வண்டி ஒன்று வாங்கினால் என்ன?" என்ற பேச்சு எழுகிறது. நியாயமான பேச்சே. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. எத்தனை பேர் உட்காரலாம்? விலை என்ன? இவற்றுக்கு விடை கிடைத்ததும் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். குடும்ப வாகனம் என்பது பத்து, பதினைந்து ஆண்டுகள் நம்மோடு வாழப்போகும் பொருள். அதில் நம் பிள்ளைகளின் உயிரையே ஏற்றிச் செல்கிறோம். ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் பல இருக்கின்றன.

மாறி வந்த காலம்

ஒரு காலத்தில் பெரிய குடும்பத்தின் கார் என்றால் அம்பாசிடர்தான். அதன் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. 1984இல் வந்த மாருதி வேன், பின்னாளில் ஆம்னி என்ற பெயருடன் பல நடுத்தரக் குடும்பங்களைச் சுமந்தது. 1994இல் டாடா சுமோ, 2000இல் டொயோட்டா குவாலிஸ், 2005இல் இன்னோவா, 2012இல் மாருதி எர்டிகா என ஒவ்வொன்றாக வந்தன. 2019இல் ரெனால்ட் ட்ரைபர், நான்கு மீட்டருக்கும் குறைவான நீளத்தில் மூன்று வரிசை இருக்கைகளை அடக்கிக் காட்டியது. 2022இல் கியா காரென்ஸ் வந்தது. அதே ஆண்டின் இறுதியில் இன்னோவா ஹைகிராஸ் அறிமுகமானது.

தேர்வுக்குப் பஞ்சமில்லை. தேர்ந்தெடுக்கும் முறையில்தான் நாம் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றாக எத்தனை முறை பயணம் செய்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு பெருநாள்கள், இரண்டு மூன்று நிக்காஹ்கள், வளைகுடாவிலிருந்து வருபவரை அழைத்துவர விமான நிலையத்துக்கு ஒரு பயணம், கோடை விடுமுறையில் ஒரு பயணம் என்று ஆறேழு முறைதான் வருகிறதா? மற்ற நாள்களில் வண்டியில் நால்வர்தான் செல்கிறீர்களா? அப்படியானால் ஐந்து இருக்கைக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு, அந்த ஆறேழு முறை மட்டும் வேன் வாடகைக்கு எடுப்பது உங்களுக்குச் சிக்கனமாக இருக்கலாம்.

மாறாக, தாய் தந்தையரும் மூன்று பிள்ளைகளும் நன்னா, நன்னியும் ஒரே வீட்டில் வாழ்ந்து, வாரந்தோறும் சேர்ந்தே வெளியே செல்லும் குடும்பமானால் மூன்று வரிசை வண்டி உங்களுக்கு ஆடம்பரமன்று, தேவையே.

தலைகளை எண்ணும்போது வயதையும் சேர்த்து எழுதுங்கள். இன்று எட்டு வயதான மகன் ஐந்து ஆண்டுகளில் உங்கள் தோளுயரம் வந்துவிடுவான். இன்று அவனுக்குப் போதுமான மூன்றாம் வரிசை அன்று அவன் முழங்காலை இடிக்கும்.

மூன்றாம் வரிசையின் உண்மை

விளம்பரத்தில் ஏழு என்று அச்சிட்டிருப்பார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். காட்சிக்கூடத்துக்குச் செல்லும்போது வீட்டிலேயே உயரமானவரை அங்கே அமர வையுங்கள். தலை கூரையில் இடிக்கிறதா? தொடை இருக்கையில் படிகிறதா, அல்லது முழங்கால் நெஞ்சை நோக்கி உயர்ந்து நிற்கிறதா? குளிர்சாதனக் காற்று அங்கே வந்து சேர்கிறதா? ஐந்து நிமிடம் அமர்ந்துவிட்டு எழுந்து வருவது போதாது. அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வளைவுகளிலும் வேகத்தடைகளிலும் கடைசி வரிசையே அதிகம் குலுங்கும். வாந்தி வரும் பிள்ளை எது என்பது உம்மாவுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை அங்கே அமர வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, ஏழு பேரும் அமர்ந்த பிறகு பெட்டிகள் எங்கே போகும்? எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் மீதமிருப்பது 209 லிட்டர் இடம். கடைசி வரிசையை மடித்துவிட்டால் அது 550 லிட்டராகிறது. ட்ரைபரில் ஏழு பேர் அமர்ந்தால் மீதி 84 லிட்டர்தான். கடைசி இருக்கைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கிறது. ஏழு பேரா, ஏழு பேரின் பெட்டிகளா என்று வண்டி நம்மையே கேட்கிறது. இயற்கை எரிவாயுவில் ஓடும் எர்டிகா வகையில் சிலிண்டரும் அந்தப் பின்னிடத்தைப் பிடித்துக்கொள்ளும். எரிபொருள் செலவு குறைகிறது என்று மகிழ்வதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

கூரைமேல் சட்டம் பொருத்திப் பெட்டிகளைக் கட்டலாமே என்பீர்கள். வண்டி தாங்கும் அளவைக் கையேட்டில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். உயரத்தில் பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும் தன்மை கூடும்.

மடி ஓர் இருக்கையன்று

இனி, இக்கட்டுரையின் முதன்மையான பகுதிக்கு வருகிறேன். மதரஸா வாசலில் காலையில் நிற்கும்போது நாள்தோறும் ஒரு காட்சியைக் காண்கிறேன். அன்பே உருவான தந்தையர், தங்கள் சின்னஞ்சிறு பிள்ளையை முன்னிருக்கையில் நிற்க வைத்துக்கொண்டும், ஸ்டியரிங்குக்கும் தம் வயிற்றுக்கும் இடையே மடியில் அமர்த்திக்கொண்டும் வருகிறார்கள். பிள்ளைக்கும் மகிழ்ச்சி, தந்தைக்கும் மகிழ்ச்சி. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். எந்தத் தாயின் கைக்கு அந்த வலிமை உண்டு? பாசத்தின் பிடி எவ்வளவு இறுக்கமானாலும் அந்த நொடியில் அது விட்டுப்போகும். முன்னிருக்கையில் காற்றுப்பை விரிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பெரியவரைக் காக்கும் அதே பை, மடியிலிருக்கும் குழந்தையை அறைந்து நசுக்கிவிடும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிரம்பாத குழந்தைக்கு இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்துக்கு அஞ்ச வேண்டாம். பிள்ளையை இழப்பதற்கு அஞ்சுங்கள்.

ஆகவே, வண்டி வாங்கும்போதே குழந்தை இருக்கைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். கைக்குழந்தைக்கு, வண்டியின் பின்புறம் நோக்கி அமரும் இருக்கை வேண்டும். கழுத்து உறுதிப்படாத வயதில் மோதலின் விசையை முதுகு முழுவதும் பகிர்ந்து தாங்க அதுவே வழி. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அத்தகைய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். வளர்ந்த பிள்ளைக்கு, இருக்கைப் பட்டை கழுத்தில் உராயாமல் தோளில் படியும்படி உயர்த்தி அமர்த்தும் இருக்கை போதும்.

இருக்கை வைத்தால் வழி எங்கே?

பலர் எண்ணிப் பாராத ஒரு சிக்கல் இது. குழந்தை இருக்கையை இறுக்கமாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான வண்டிகளில் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கும். மூன்றாம் வரிசைக்குச் செல்ல வேண்டுமானால் அந்த இரண்டாம் வரிசையைத்தான் மடித்துக் கவிழ்க்க வேண்டும். குழந்தை இருக்கை பூட்டப்பட்ட இடத்தை மடிப்பது எப்படி? இரண்டு ஓரத்திலும் இரண்டு குழந்தை இருக்கைகள் இருந்தால் கடைசி வரிசைக்கு வழியே இல்லாமல் போகும்!

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒரே ஒரு குழந்தை இருக்கை போதுமானால், நடைபாதைப் பக்கத்துக் கதவை விட்டுவிட்டு மறுபக்கத்தில் அதைப் பூட்டுங்கள். இரண்டு தேவையானால், இரண்டாம் வரிசையில் தனித்தனியாக இரு இருக்கைகளும் அவற்றுக்கிடையே நடைவழியும் உள்ள ஆறு இருக்கை வகையைப் பாருங்கள். சில வண்டிகளில் ஏழு, எட்டு இருக்கை வகைகள் இரண்டும் கிடைக்கின்றன. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் நடமாட்டத்தில் அது பெரிய வசதி.

கடைசி வரிசைக்குச் செல்லும் பிள்ளைக்கும் தோளைச் சுற்றி வரும் மூன்று முனைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டி வாங்குவோர் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். சில பழைய வண்டிகளில் பின்புறம் பக்கவாட்டில் எதிரெதிரே அமரும் பலகை இருக்கைகள் இருக்கும். பிள்ளைகள் அவற்றைத்தான் விரும்புவார்கள். ஆபத்தும் அங்கேதான் அதிகம்.

2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனைத் திட்டம் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதில் பெரியவர் பாதுகாப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் தனித்தனியே நட்சத்திரங்கள் வழங்குகிறார்கள். விற்பனையாளர் "ஐந்து நட்சத்திரம்" என்றால், "குழந்தைகளுக்கு எத்தனை?" என்று திருப்பிக் கேளுங்கள்.

நன்னி ஏறிப் பார்க்கட்டும்

வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. சோதனை ஓட்டத்துக்கு வீட்டுப் பெண்களையும் முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். உயரமான வண்டி கம்பீரமாகத்தான் தெரியும். முழங்கால் வலியுள்ள நன்னிக்கு அதன் படி மலையாகத் தெரியும். புர்கா அணிந்த பெண், கையில் குழந்தையுடன், ஆடையின் ஓரம் படியிலோ கதவிலோ சிக்காமல் ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர்களின் முகமே விடை சொல்லிவிடும்.

வீட்டுக்கு வெளியே தெருவையும் அளந்துகொள்ளுங்கள். ட்ரைபரின் நீளம் நான்கு மீட்டருக்கும் சற்றுக் குறைவு, எர்டிகா சுமார் 4.4 மீட்டர், காரென்ஸ் சுமார் 4.5 மீட்டர், ஹைகிராஸ் சுமார் 4.75 மீட்டர். நம் ஊர்களின் பழைய தெருக்களில், திண்ணைகளுக்கும் சாக்கடைக்கும் நடுவே, இந்த முக்கால் மீட்டர் வேறுபாடு பெரிய வேறுபாடு. நிறுத்த இடமில்லாமல் அண்டை வீட்டாரின் வாசலை மறைத்து, அதனால் மனக்கசப்பை வாங்கிக்கொள்ளும் வண்டி நமக்கு எதற்கு?

நீளமான வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்போது, பின்னால் தவழும் குழந்தை ஓட்டுபவர் கண்ணில் படுவதில்லை. பின்புறக் கேமரா இருந்தாலும் ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொன்ன பிறகே வண்டியை எடுங்கள். இரண்டாம் வரிசைக் கதவுகளில் குழந்தைப் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் வெப்பம் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாகச் சூடேறும். "ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறேன்" என்று உறங்கும் பிள்ளையை உள்ளே விட்டுக் கடைக்குச் செல்லாதீர்கள். ஏழு பேர் செல்லும் வண்டியில், கடைசி வரிசையில் உறங்கும் பிள்ளையை மறப்பது எளிது. இறங்கியதும் தலைகளை எண்ணும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கைக்கு அடக்கமான தொகை

வண்டியின் விலையோடு வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இயந்திரமும் கொண்ட சிறு வண்டிகளுக்குச் சரக்கு, சேவை வரி 18 விழுக்காடு. அதைவிடப் பெரியவற்றுக்கு 40 விழுக்காடு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட சாலை வரியும் விலைக்கேற்ப ஏறுகிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 விழுக்காடாக இருப்பது, அதைத் தாண்டினால் 18 ஆகிறது. அலங்காரத்துக்காக ஓரிரு வசதிகள் கூடிய வகையைக் கேட்டு இந்தக் கோட்டைத் தாண்டிவிடாதீர்கள்.

நம் இல்லங்களில் இன்னொரு கவலையும் உண்டு. கைவசமுள்ள தொகைக்கு மேல் ஆசைப்பட்டால் வட்டிக் கடன் வாசலில் வந்து நிற்கும். புதிய பெரிய வண்டியை வட்டிக்கு வாங்குவதைவிட, இருக்கும் சேமிப்பில் நல்ல நிலையிலுள்ள பழைய வண்டியை வாங்குவது மன அமைதி தரும். ஆனால் பழையதை வாங்கும்போது நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பதிவுச் சான்றிதழில் எத்தனையாவது உரிமையாளர், காப்பீட்டில் விபத்து இழப்பீடு கோரப்பட்டிருக்கிறதா, காற்றுப்பைகள் ஏற்கெனவே விரிந்து வெறும் மூடி மட்டும் போடப்பட்டுள்ளதா, எல்லா இருக்கைப் பட்டைகளும் பூட்டுகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு கடமை மீதமிருக்கிறது. ஏழு பேரும் ஏறும் நாளில் டயரில் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய தூணில் எழுதப்பட்டிருக்கும். பாரம் ஏறிய வண்டி நிற்க அதிகத் தொலைவு எடுத்துக்கொள்ளும் என்பதையும் ஓட்டுபவர் மறக்கலாகாது.

வாசகர்களே! பயண துஆவை ஓதிவிட்டே நாம் வண்டியை எடுக்கிறோம். பிள்ளைகளும் நம்மோடு சேர்ந்து ஓதுகிறார்கள். அத்துடன், எல்லோருடைய பட்டையும் பூட்டப்பட்ட ஓசை கேட்ட பிறகே சாவியைத் திருப்புவது என்று ஒரு வழக்கத்தையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். நாளை அவர்கள் தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும்போதும் அந்த வழக்கம் அவர்களோடு இருக்கும்.