ஆபரேஷனுக்கு முன் கரண்ட் வைப்பது ஏன்?



கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதிகளிலிருந்து மலக்குடல் புற்றுநோய்க்காக மதுரை செல்லும் குடும்பத்தினர் நம்மிடம் கேட்பது: "கட்டியை உடனே எடுக்காமல் கரண்ட் வைக்கிறார்களே, ஏன்?"

மலக்குடல் குறுகலான இடுப்பெலும்புக்குள் இருக்கிறது. சுற்றிலும் பரவத் தொடங்கிய கட்டியை அங்கே மிச்சமின்றி எடுப்பது கடினம். முதலில் கதிர்வீச்சு கொடுத்தால் கட்டி சுருங்கும். அதே இடத்தில் நோய் திரும்புவதும் குறையும். 2004-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், ஆபரேஷனுக்குப் பின் கதிர்வீச்சுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டுகளில் அவ்வாறு திரும்பியது. முன்பே பெற்றவர்களில் 6 சதவீதமே. சிறிய, ஆரம்பநிலைக் கட்டிக்கு இது தேவைப்படாமலும் போகலாம்.

சிகிச்சை 5 நாட்களில் முடியலாம்; மாத்திரையுடன் 5 வாரத்துக்கு மேலும் நடக்கலாம். பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தே ஆபரேஷன். கட்டி சுருங்குவதற்கான அவகாசம் அது, அலட்சியம் அல்ல.

ரத்தப்போக்கு நின்றதும் "குணமாகிவிட்டது" என்று வீட்டிலிருந்துவிடுவதுதான் ஆபத்து. கட்டி சுருங்குவது வேறு, நோய் நீங்குவது வேறு. ஆபரேஷன் வேண்டுமா என்பதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை உடன் எடுத்துச் செல்லுங்கள். பயணச் செலவோ தங்குமிடமோ தடையானால், சிகிச்சையை விடுமுன் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.