தலைவன் இல்லாத அணி

தாம்பரத்திற்குக் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. குளிர்காலத்து மாலைப்பொழுதில் அங்கு நிற்போர், நீர்ப்பறவைகள் கூட்டமாக எழுந்து, ஒருங்கே திரும்பி, ஒன்றோடொன்று மோதாமல் பறந்து செல்வதைக் காணலாம். அவற்றிற்குக் கட்டளையிடும் பறவை எது? அப்படி ஒன்று இல்லை என்பதே வியப்பு.

அண்டையிலுள்ளவற்றோடு மோதாமை, அவை செல்லும் திசையில் செல்லுதல், அவற்றை விட்டு விலகாமை ஆகிய மூன்று விதிகளே இவ்வொழுங்கிற்குப் போதும் என்பதை 1986-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்பவர் கணிப்பொறி வாயிலாகக் காட்டினார். ரோமாபுரி வானில் திரளும் மைனா இனப் பறவைகளை ஆராய்ந்த அறிஞர்கள், ஒவ்வொரு பறவையும் ஆறேழு அண்டைப் பறவைகளையே கவனிக்கின்றது என 2008-இல் வெளியிட்டனர்.

இம்முறையை எந்திரங்களுக்கும் கற்பிக்கலாம். குரோம்பேட்டையில் 1949-இல் தோன்றிய எம்.ஐ.டி., இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். 'தக்ஷா' என்னும் ஆளில்லா வானூர்திகள் அங்கு உருவானவையே. அத்தகைய ஊர்திகள் மூன்று முறையே 30, 42, 60 மீட்டர் உயரத்தில் பறப்பதாகக் கொள்வோம். நடு ஊர்தி மற்ற இரண்டையும் அறியும். ஓரத்திலுள்ளவை நடு ஊர்தியை மட்டுமே அறியும். ஒவ்வொன்றும் தன் உயரத்தையும் தான் அறிந்தவற்றின் உயரத்தையும் கூட்டிச் சராசரி கண்டு, அவ்வுயரத்திற்குச் செல்லட்டும். இப்பொழுது அவை 36, 44, 51 மீட்டரில் இருக்கும். 30 மீட்டராயிருந்த வேறுபாடு 15 ஆயிற்று. மறுமுறை அது ஏழரை ஆகும். இங்ஙனம் பாதி பாதியாகக் குறைந்து, மூன்றும் ஏறத்தாழ 44 மீட்டரில் ஒன்றுபடும். இதுவே இசைவு.

தாளில் இஃது எளிது, வானில் அன்று. கடற்காற்று தள்ளும், சுமை மாறும், மின்கலம் தளரும். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எனவே இட்ட கட்டளையும் நிகழ்ந்த இயக்கமும் ஒத்திரா. ஒவ்வோர் ஊர்தியும் அவ்வேறுபாட்டை இடைவிடாது அளந்து, தன்னைத் தள்ளும் விசை எவ்வளவு என மதிப்பிட்டு, அடுத்த கட்டளையைத் திருத்திக்கொள்ள வேண்டும். நீரோட்டத்தில் ஓடம் செலுத்துவோன் துடுப்பின் அழுத்தத்தை மாற்றிக்கொள்வதும் இவ்வாறே அன்றோ? இதனைத் தகவமைவுக் கட்டுப்பாடு என்பர்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பொழிந்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்தது. தொலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. மொட்டைமாடிகளில் தவிப்போரைத் தேட ஊர்திகளை அனுப்புவதாயின், ஒரே நிலையத்தின் ஆணையை நம்பியிருக்கும் அணி அந்நிலையம் செயலற்றவுடன் திகைக்கும். அண்டையோடு இசையும் அணியோ தன் பணியைத் தொடரும். ஓர் ஊர்தி வீழினும் எஞ்சியவை இடத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

ஆயினும் இதற்கு ஒரு வரம்பு உண்டு. எவ்வூர்தியிலிருந்தும் மற்ற எவ்வூர்திக்கும், இடையிலுள்ளவை வழியாகவேனும், செய்தி சென்று சேரவேண்டும். முன்னே கண்ட மூன்றில் நடு ஊர்தி வீழ்ந்துவிட்டால், ஓரத்து ஊர்திகள் இரண்டும் ஒன்றையொன்று அறியாது, தத்தம் உயரத்திலேயே பறந்துகொண்டிருக்கும்.