நடைபாதையில் குடியிருப்போரும் சட்டமும்

நடைபாதை மக்கள் நடப்பதற்காகப் போட்டது. ஆனால் பெரிய நகரங்களில் அதுவே பலருக்கு வீடு. பிளாஸ்டிக் தாளையும் சாக்கையும் கட்டிக் குடும்பம் நடத்துகிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வீடில்லாதவர்கள் 17 லட்சத்துக்கும் மேல்.

ஏன் நடைபாதைக்கு வருகிறார்கள்?

சேலத்தில் ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். சொந்த நிலம் இல்லை. மழை பொய்த்தது, வேலை போயிற்று. 1961இல் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குப் போனார். இன்று அந்த நகரின் பெயர் மும்பை. அங்கே தினக்கூலி வேலை கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. சாலை ஓரக் குடிசையில் மனைவி, மகள்களோடு வாழ்ந்தார்.

1981 ஜூலையில் நல்ல மழைக்காலம். நடைபாதைக் குடிசைகளை அகற்ற அரசும் மாநகராட்சியும் முடிவு செய்தன. அவருடைய குடிசையும் பிரிக்கப்பட்டது. குடும்பத்தைச் சேலம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியும் மகள்களும் ஊரில் தங்கினார்கள். ஊரில் வேலை இல்லை. அவர் மட்டும் பம்பாய்க்குத் திரும்பினார். மறுபடியும் நடைபாதையில்தான் குடியேறினார்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

நடைபாதை மக்கள் சிலரும் ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பு அளித்தார்கள்.

உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றார்கள். பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்தது போல்தான். அதே சமயம், நடைபாதையைச் சொந்தமாக்கிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னார்கள். நடப்பவருக்கும் உரிமை உண்டு அல்லவா?

அப்படியானால் குடிசைகளை எப்படி அகற்றுவது? பொதுவாக முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். குடியிருப்பவர் சொல்வதையும் கேட்க வேண்டும். அந்த ஆண்டு மழைக்காலம் முடிந்து, அக்டோபர் 31 வரை யாரையும் அகற்றக் கூடாது என்றும் உத்தரவிட்டார்கள். 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் தரச் சொன்னார்கள். பதிவு இருந்தவருக்கே அந்தப் பலன்.

இன்றைய நிலை என்ன?

வீட்டை இடிக்கும் முன் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கு அந்த விதி பொருந்தாது. இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நகரங்களில் வீடில்லாதவர்களுக்குத் தங்கும் விடுதிகள் உண்டு. ஒரு லட்சம் பேருக்கு, 100 பேராவது தங்கும் அளவுக்கு விடுதி வேண்டும் என்று 2013இல் மத்திய அரசு திட்டம் வகுத்தது.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

முதலில் அதைப் படிக்க வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி, எந்த அதிகாரி என்று பார்க்க வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை ஆகியவற்றைப் பத்திரமாக வைக்க வேண்டும். பிறகு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஏழைகளுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் அங்கே வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

நோட்டீஸில் உள்ள தேதி கடந்துவிட்டால் முறையிடுவது கடினம். ஆகவே காகிதம் கைக்கு வந்த அன்றே படித்துவிட வேண்டும்.