பூனை சொறிகிறதா? துணி மூட்டையைப் பாருங்கள்

திருப்பூரில் எதற்கும் சாயத்தின் மேல் பழி போடுவது எளிது. கையில் அரிப்பு என்றால் சாயம், போர் தண்ணீர் உப்புக் கரித்தால் சாயம். நொய்யல் ஆற்றை நாசமாக்கியதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்ன ஊர் இது. சந்தேகம் வருவதில் தப்பில்லை. மங்கலம் ரோட்டோரம் ஒரு லைன் வீட்டில், சொறிந்து சொறிந்தே முதுகு மயிர் கொட்டிப்போன பூனையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அக்கா சொன்னதும் அதுதான்: "டார்க் கலர் பீஸு மேலயே படுத்துக்குதுங்க. சாயம் ஒத்துக்கல போல."

அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். இரவில் பிசிறு வெட்ட வீட்டுக்கும் பீஸ் வரும். அறை மூலையில் இடுப்பளவுக்குக் கட்டிங் வேஸ்ட் மூட்டை: தலையணைக்கு அடைக்க, மிதியடி பின்ன, வண்டி துடைக்க என்று சேர்த்து வைத்தது. அதன் உச்சியில் பூனை படுத்த குழி அச்சாகப் பதிந்திருந்தது.

சாயமாக இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் துணி ஒத்துக்கொள்ளாமல் போனால் அது துணி தொடுகிற இடத்தில் தெரிய வேண்டும். மயிர் குறைவாக உள்ள அடிவயிறு, தாடை, பாதம், அங்கேதான் முதலில் சிவக்கும். இந்தப் பூனைக்கோ வயிறு சுத்தமாக இருந்தது. புண்ணெல்லாம் வால் தொடங்கும் இடத்திலும் பிடரியிலும்தான். தடவினால் மயிருக்கு அடியில் தினை தினையாகப் பொருக்கு விரலில் தட்டுப்பட்டது. மேல்பக்கம் அரிக்கிற பூனைக்கு முதலில் தேட வேண்டியது தெள்ளுப்பூச்சி.

பரிசோதனைக்குச் செலவு கிடையாது. வெள்ளை பனியன் பீஸ் ஒன்றை நனைத்துப் பிழிந்து தரையில் விரித்தோம். தலைக்குப் பேன் வாருகிற சீப்பால் வால் அடியிலிருந்து எதிர்மயிராக நாலைந்து இழுப்பு இழுத்து, சீப்பைத் துணியில் தட்டினோம். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புத் துகள்கள் விழுந்தன. மண்ணாக இருந்தால் மண்ணாகவே கிடந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வட்டம் ஊறியது. பூச்சி குடித்துக் கழித்த ரத்தம் அது, காய்ந்து கறுத்திருந்தது. நாள் முழுக்க வெள்ளைத் துணியில் ஆயில் கறை தேடுகிற கண்ணல்லவா, அக்கா துணியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தே பார்த்துவிட்டார். "ரத்தமுங்களா இது?"

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. பூனை மேல் ஊர்வதையெல்லாம் பலர் உண்ணி என்கிறார்கள். உண்ணி ஓரிடத்தில் கடித்துக்கொண்டு தொங்கும். தெள்ளு அப்படியல்ல. இரு பக்கமும் அமுக்கியது போலத் தட்டையான உடம்போடு மயிருக்குள் ஓடும், பிடிக்கப் போனால் துள்ளும். பூனைத் தெள்ளு என்று தனியாகவே ஓர் இனம் உண்டு. பெயர்தான் பூனை, நாய் மேலும் பெரும்பாலும் ஏறுவது இதேதான். சொறிகிற பூனையிடம் ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாமல் போகலாம், ஏனென்றால் பூனை நக்கி நக்கி அவற்றை விழுங்கிவிடுகிறது. அதோடு, தெள்ளின் எச்சில் ஒவ்வாத பூனைக்கு நாலு கடி போதும், நாள்கணக்கில் அரிக்கும். அதனால் "தேடிப் பார்த்தேங்க, ஒண்ணுமே இல்ல" என்பதை வைத்துத் தெள்ளு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இனி மூட்டைக்கு வருவோம். நன்றாகத் தின்று கொழுத்த பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். பேன் ஈர் போல அது மயிரில் ஒட்டாது, பூனை படுக்கிற, குதிக்கிற இடமெல்லாம் உப்பு போல உதிரும். பொரிந்து வருகிற புழு வெளிச்சத்துக்குப் பயந்து துணியின் ஆழத்துக்குப் போகும். அதற்குச் சாப்பாடு, மேலே இருந்து உதிர்கிற அதே கறுப்புத் துகள்தான். முட்டையும் சாப்பாடும் ஒரே பூனையிலிருந்து ஒரே மூட்டைக்குள் விழுகின்றன. பிறகு புழு தன்னைச் சுற்றிப் பிசுபிசுப்பாக ஒரு கூடு பின்னிக்கொள்ளும். அதில் ஒட்டுகிற நூல் தூசியே அதற்கு மாறுவேடம். பஞ்சுத் தூசிக்கு இந்த ஊரில் பஞ்சமா?

ஆகவே பூனை மேல் நாம் பார்ப்பது மொத்தத்தில் 5 சதவீதம் இருக்கலாம். மீதி 95 முட்டையாக, புழுவாக, கூடாகத் துணியிலும் தரை வெடிப்பிலும் கிடக்கிறது. பூனைக்கு மட்டும் மருந்து வைத்துவிட்டு மூட்டையை விட்டால், சொறிவது இரண்டு வாரம் நிற்கும், பிறகு திரும்பும். "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரர்தான் திட்டு வாங்குவார்.

கூட்டுக்குள் இருக்கும் பூச்சிக்கு ஒரு தந்திரம் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லையென்றால் அது மாதக்கணக்கில்கூட வெளியே வராமல் காத்திருக்கும். தரை அதிர்வதும், உடம்புச் சூடும், மூச்சுக் காற்றும்தான் அதற்கு அழைப்பு மணி. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு வீட்டைப் பூட்டி ஊருக்குப் போன குடும்பம் பத்து நாள் கழித்துக் கதவைத் திறந்ததும் கணுக்கால் நிறையக் கடி வாங்குவது இதனால்தான். அத்தனையும் ஒரே நேரத்தில் கூட்டை விட்டு வருகின்றன. மழைக்காலத்து ஈரமும் அப்போது அவற்றுக்குச் சாதகம்.

செய்ய வேண்டியதை ஒரே நாளில் தொடங்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும், நாய் இருந்தால் நாய்க்கும் அதனதன் மருந்து. ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்ற சொட்டு மருந்துகள் பூனைக்கென்றே வருகின்றன. எடை பார்த்து மருத்துவர் சொல்வதை, நாக்கு எட்டாத பிடரியில் மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும், மயிர் மேல் விட்டால் வீண். குட்டிக்கு வயதும் எடையும் பார்த்தே எதுவும். மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதம். கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் தொடாது, அது வெளியே வந்து பூனை மேல் ஏறிச் சாகும் வரை மருந்து அங்கே இருக்க வேண்டும். குடோனில் எலிக்காக வளர்கிற பூனைகளோடு உங்கள் பூனை சுற்றுகிறது என்றால் மூன்று மாதத்தோடு நிறுத்துவதும் உதவாது.

துணியை வெந்நீரில் துவைத்து மொட்டை மாடியில் சுள்ளென்ற வெயிலில் போடலாம். புழுவுக்கு உலர்ந்த சூடு ஆகாது. திருப்பூர் வெயிலுக்கு இப்படியாவது ஒரு பயன். தேவையில்லாத வேஸ்ட்டைக் கட்டி வைக்காமல் கழித்துவிடுங்கள். கட்டில் அடி, மெஷின் அடி, சுவரோரம் எல்லாம் தினமும் பெருக்கி, குப்பையை அன்றே வெளியேற்ற வேண்டும். கம்பெனி பீஸைப் பூனைக்கு எட்டாமல் வைக்க இன்னொரு காரணமும் உண்டு, ஆனால் பீஸில் பூனை மயிர் ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதைச் செக்கிங் அக்காவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சில நேரம் பூனையைக் கொல்வது தெள்ளு அல்ல, அதற்குச் செய்கிற வைத்தியம். நாய்க்கு விற்கிற சில பவுடரிலும் சொட்டு மருந்திலும் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாது, பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் திறன் இல்லை. சில மணி நேரத்தில் உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். "நாய்க்கும் பூனைக்கும் ஒண்ணுதாங்க" என்று கவுண்டரில் சொன்னாலும் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். தெரியாமல் போட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய் நமக்கு நல்லதுதான், ஆனால் பூனை மேல் பூசியது முழுவதும் கடைசியில் அதன் வயிற்றுக்குத்தான் போகும், அதனால் பூனைகள் நோய்ப்பட்டதுண்டு. பினாயில் ஊற்றித் துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் விஷம். வலிக்குமே என்று பாரசிட்டமால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும்.

ஊசி போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நமக்கெல்லாம் உண்டு. நாள்பட வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியில் அரிப்பு ஓரிரு நாளில் அடங்கும்தான். மூட்டை அப்படியே இருக்க, மாதாமாதம் ஊசியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரக்கூடும். எப்போது போடுவது என்பது மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. நாம் கேட்டு வாங்குகிற பண்டமல்ல.

சீப்பில் ஒன்றும் விழவில்லையா? அப்போது காதைப் பாருங்கள். காது விளிம்பில் தொடங்கி முகத்துக்குப் படர்கிற தடித்த சாம்பல் பொருக்கு, கண்ணுக்குத் தெரியாத சொறிப்பூச்சியின் வேலை. தூக்கிக் கொஞ்சுகிறவருக்கும் கையில் அரிக்கும். காதுக்குள் காபித்தூள் மாதிரி அழுக்கு என்றால் அது வேறொரு காதுப்பூச்சி. வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்து, வீட்டுக் குழந்தையின் கையிலும் வட்டம் வந்தால் படர்தாமரை. அதற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பைத் தடவிவிட்டால் மருத்துவருக்கே கண்டுபிடிக்க முடியாதபடி உருமாறிவிடும். எதுவும் பொருந்தாமல் வருடம் முழுக்க அரித்தால்தான் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். மீன், கோழி, மாட்டிறைச்சி என்று வழக்கமாகத் தின்பதுதான் ஒவ்வாமல் போகும். இதுவரை தின்னாத ஒன்றை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஊர் சுற்றும் பூனையை வைத்துக்கொண்டு அது எத்தனை வீட்டில் நடக்கும் என்பது வேறு கதை.

காங்கேயம் மாடு உள்ள மாவட்டம், கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பின்னால்தான் பூனைக்கு முறை வரும். காத்திருந்தால் பார்ப்பார்கள். உடுமலைப்பேட்டையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரியே இருக்கிறது. போகும்போது அந்த நனைத்த துணியையும் இதுவரை போட்ட மருந்தின் டப்பாவையும் எடுத்துப் போங்கள். மலத்தில் அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். தெள்ளை விழுங்கியதால் வந்த நாடாப்புழுவாக இருக்கும். மருந்து வைக்கையில் பூனை பிறாண்டினால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வெறிநோய் ஊசி பற்றி அன்றே கேட்டுவிட வேண்டும்.

மங்கலம் ரோட்டு அக்கா மூட்டையைக் கழித்துவிட்டார். பூனைக்கு ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே வெள்ளைப் பீஸ் ஒன்று. சனிக்கிழமை சம்பளம் வாங்கி வந்ததும் துணியை மாற்றி, சீப்பு வாரிப் பார்க்கிறார். முதல் வாரம் எண்ண முடியவில்லையாம், அடுத்த வாரம் ஒரு டஜன். மூன்றாவது சனிக்கிழமை போனில் கூப்பிட்டார்.

"ரெண்டே புள்ளிதானுங்க. பாஸ் பண்ணலாமுங்களா, ரிஜெக்டா?"

ரிஜெக்ட் என்றேன். அடுத்த மாதச் சொட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.