கண்ணுக்குத் தெரியாத ஒளி

ஏரியில் ஆகாயத் தாமரை படர்ந்து கிடக்கிறது. அதன் இலைச் சாற்றில் என்னென்ன இருக்கின்றன? அறிய ஓர் ஒளி உதவுகிறது. அதன் பெயர் அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடுப்பருகே கை நீட்டினால் சூடு தெரிகிறதல்லவா? அது இந்தக் கதிர்தான். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் இதைக் கண்டறிந்தார்.

சாற்றை உலர்த்தி, அதன் வழியே கதிரை விடுகிறார்கள். எந்தப் பொருளிலும் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து அதிர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு பிணைப்பும் தனக்கு ஏற்ற கதிரை மட்டும் விழுங்கும். விழுங்கிய இடத்தில் கருவி போடும் கோடு பள்ளமாக இறங்கும். பள்ளத்தைப் பார்த்து, இன்ன வகைப் பொருள் உண்டு என்பார்கள். வகைதான் தெரியும். கலவைச் சாறு ஆயிற்றே, பெயர் சொல்வது கடினம்.

‘கருவியில் பார்த்த மருந்து’ என்று யாராவது இந்தச் சாற்றை நீட்டினால் குடித்துவிடாதீர்கள். ஆகாயத் தாமரை அழுக்கு நீரிலுள்ள ஈயத்தையும் உறிஞ்சும். அந்த ஈயம் எவ்வளவு என்று இந்தக் கோடு சொல்லாது. அதற்கு வேறு சோதனை உண்டு.