தரவிறக்கிய கோப்பு இருக்குமிடம்

தவணை ஒப்படை கொடுக்கவேண்டிய நாளுக்கு முதனாள் மாலை, உயர்தர வகுப்பு மாணவனொருவன் மடிக்கணினியோடு என்னிடம் வந்தான். நூலகம் எண்ணிம நூலகத்திலிருந்து தான் இறக்கிய பழைய சஞ்சிகையொன்று மறைந்துபோயிற்று என்றான். மூன்று முறை இறக்கினானாம். மூன்று முறையும் மறைந்ததாம். தந்தையாரின் கைத்தொலைபேசி வழியாகப் பெற்ற தரவு முழுவதும் அதனோடு தீர்ந்துவிட்டது. கணினியிற் பாடங்கள் பல கற்றவன். எனினும், இறக்கப்பெறுங் கோப்பு எங்கே செல்கின்றதென அவனுக்கு எவரும் கூறியிருக்கவில்லை. அவனைப் போன்றார் ஆசிரியருள்ளும் உளராதலின் அதனை ஈண்டு ஒருவாறு விளக்க முற்படுகின்றேன்.

உலாவி எனப்படுஞ் செயலி, தான் பெறுங் கோப்புகளை வைத்தற்கு ஓரிடத்தை முன்னரே வகுத்துக்கொண்டுள்ளது. பெரும்பாலும் அவ்விடம் 'டவுன்லோட்ஸ்' என்னும் பெயருடைய கோப்புறையாகும். 2007ஆம் ஆண்டிலே பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவில், மைக்ரோசொப்ற் நிறுவனத்தார் பயனர் ஒவ்வொருவருக்கும் இப்பெயரில் ஒரு கோப்புறையை அமைத்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளியான லெப்பட் பதிப்பின் மூலம் அப்பிள் நிறுவனத்தாரும் அவ்வாறே செய்தனர். 'பயனர் ஒவ்வொருவருக்கும்' என்றதை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரே கணினியில் அண்ணன் தன் கணக்கிற் புகுந்து இறக்கிய கோப்பு, தம்பி தன் கணக்கிற் புகுந்து திறக்கும் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையிலே தோன்றாது. கல்லூரிக் கணினியறைகளில் எழும் முறைப்பாடுகள் சில இதனால் விளைவனவே.

அக்கோப்புறையை அடைதற்கு வழிகள் இரண்டுள. விண்டோஸ் சாவியுடன் ஈ சாவியை அழுத்தித் தோன்றும் பலகணியின் இடப்புறத்திலே அதன் பெயரைக் காணலாம். அன்றி, குரோம், எட்ஜ், பயர்பொக்ஸ் என்னும் உலாவிகளில் கொன்ட்ரோல் சாவியுடன் ஜே சாவியை அழுத்தின், இறக்கியவற்றின் பட்டியல் தோன்றும். பட்டியலிலே கோப்பின் பெயரருகே காணப்படும் கோப்புறைக் குறியைச் சொடுக்கினால் கோப்பு இருக்கும் இடமே திறக்கும். உலாவி எவ்விடத்தில் வைத்திருப்பினும் இவ்வழி அங்கே கொண்டுசெல்லுமாதலின் யான் இதனையே முதலிற் கூறுவது வழக்கம்.

ஆயின், பட்டியல் வேறு, கோப்பு வேறு என்பதை மறத்தலாகாது. நூலகத்துப் பதிவேட்டைக் கிழித்தெறிந்தாலும் புத்தகம் அலுமாரியிலேயே இருக்குமன்றோ? அவ்வாறே உலாவியின் வரலாற்றை அழித்தால் பட்டியல் போகும், கோப்பு போகாது. மறைநிலையில் உலாவி இறக்கியதும் இத்தகையதே. பலகணியை மூடியதும் பட்டியல் நீங்கும்; கோப்போ கோப்புறையிற் கிடக்கும்.

இனி, அம்மாணவனுக்கு நேர்ந்ததைக் கூறுவேன். கோப்புறையைத் திறந்தபோது சஞ்சிகை அங்கேதான் இருந்தது. அவன் அதன் தமிழ்ப் பெயரைத் தட்டச்சிட்டுத் தேடியிருக்கிறான். அந்நூலகத்திலோ பிடிஎப் கோப்புகளுக்கு எண்ணே பெயர். எனவே, பெயரைக்கொண்டு தேடுதல் பயனளியாது. பக்கங்கள் படமாக வருடப்பட்டிருப்பின், உள்ளேயுள்ள சொல்லைக்கொண்டு தேடுதலும் அவ்வாறே வீணாகும். பெயர் உதவாதவிடத்துத் திகதி உதவும். கோப்புகளைத் திகதிவாரியாக ஒழுங்குசெய்தவுடன் மூன்று பிரதிகளும் மேலே வந்து நின்றன. முதலாவது வெறும் எண்ணாகவும், ஏனையவை அவ்வெண்ணின் பின் அடைப்புக்குறியுள் ஒன்று, இரண்டு எனக் குறியிடப்பட்டும் இருந்தன. ஒரே பெயருடைய கோப்பு மீண்டும் வருமிடத்து முன்னதை அழியாமற் காத்தற்கு உலாவி இவ்வாறு செய்கின்றது. அடைப்புக்குறியுள் எண்ணைக் கண்டால், முன்னரே ஒரு பிரதி இருந்திருக்கலாம் என ஐயுறுக.

கோப்பு உண்மையிலேயே இல்லாதிருத்தலும் உண்டு. பிடிஎப் கோப்பை உலாவி தன்னுள்ளேயே திறந்து காட்டும்போது, கண்ணாற் பார்த்ததனை இறக்கியதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். மேலுள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்திச் சேமித்தாலன்றி அது கோப்புறைக்கு வராது. இறக்கம் இடையில் நின்றுபோயின், குரோமில் 'சிஆர்டவுன்லோட்' என்றும் பயர்பொக்ஸில் 'பார்ட்' என்றும் ஈற்றுப்பெயர் கொண்ட குறைக்கோப்பே எஞ்சும். அதனைத் திறக்க இயலாது. விண்டோஸ் 10 முதலாக உள்ள 'ஸ்ரோறேஜ் சென்ஸ்' என்னும் ஏற்பாடு, நாம் அவ்வாறு பணித்திருப்பின், நெடுநாள் திறவாத கோப்புகளை இக்கோப்புறையிலிருந்து தானே அகற்றிவிடும். ஆதலின், வேண்டிய நூலை இறக்கியவுடன் அதற்குத் தமிழிலேயே நூற்பெயரும் ஆண்டும் இட்டு வேறொரு கோப்புறைக்கு மாற்றுவது நன்று. விண்டோஸ் தமிழ்ப் பெயரைத் தடையின்றி ஏற்கும்.

மாணவனுடைய கோப்பு கிடைத்துவிட்டது. பிறிதொரு நாள் விண்ணப்பப் படிவமொன்றை அச்சிடுதற்காகத் தொடர்பு நிலையமொன்றுக்குச் சென்றேன். படிவத்தை இறக்கி, அதனைத் தேடி 'டவுன்லோட்ஸ்' கோப்புறையைத் திறந்தபோது, எனக்கு முன் வந்தோருடைய அடையாள அட்டைப் படங்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் வங்கிக் கூற்றொன்றும் அங்கே கிடந்தன. தாம் இறக்கியவை எங்கே தங்கின என்பதை அவர்கள் அறியார். அதனால் அழிக்கவும் அறியார். அழித்தல் விசையை மட்டும் அழுத்தினாலும் கோப்பு மீள்சுழற்சித் தொட்டியிற் போய்க் கிடக்கும். அதனை எவரும் மீட்கலாம். ஷிப்ற் சாவியுடன் சேர்த்து அழுத்தின் தொட்டிக்குச் செல்லாது நீங்கும். யான் என் படிவத்தை அவ்வாறு நீக்கிய பின்னர், கடைக்காரரை அழைத்து ஏனையவற்றையும் அவர் கையாலேயே நீக்கச் செய்துவிட்டு வந்தேன்.